குழந்தைக்குக் கோடை ஸ்வெட்டர்: கைப்பின்னல் கேள்வி பதில்

சென்ற இதழில் இளமஞ்சள் பருத்தி நூலில் பின்னிய அரைக்கை ஸ்வெட்டர் ஒன்றின் படம் போட்டிருந்தோம், ஆனால் எப்படிப் பின்னுவது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குத்தான் இத்தனை கடிதம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். திட்டி எழுதியவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

வெயில் காலத்தில் குழந்தைக்கு ஸ்வெட்டர் போடச் சொல்கிறீர்களே, நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்?
*வாசகர், அம்பத்தூர்*

சென்னையில் மே மாதம் போடச் சொல்லவில்லை ஐயா. ஏசி ரயில் பெட்டியில் இரவுப் பயணம், கொடைக்கானலில் சித்திரை மாத மாலை, பகலில் வெயில் அடித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் சட்டென்று குளிர்கிற வெளிநாட்டு ஊர்கள், இப்படி முழுக்கைக் கம்பளி அதிகம், வெறும் பனியன் போதாது என்கிற இடங்களுக்கான உடுப்பு இது. உள்ளே மெல்லிய சட்டை, மேலே இது, அவ்வளவுதான். கத்தரி வெயிலில் பழைய வேட்டித் துணியில் தைத்த ஜப்லாவுக்கு மிஞ்சி எதுவும் கிடையாது, பின்னல் பைத்தியமான நானே சொல்கிறேன்.

மெல்பர்னில் இருக்கும் என் பேத்திக்கு நான்கு வயது ஆகப்போகிறது. அங்கே டிசம்பரில்தான் கோடை என்பதால் இப்போதே ஆரம்பித்தால் சரியாக இருக்கும். கையில் 300 கிராம் ‘பேபி வுல்’ இருக்கிறது, அதையே போட்டுவிடலாமா? அளவு எடுக்கக் குழந்தையும் பக்கத்தில் இல்லை.
*வாசகி, மதுரை*

முதலில் அந்த நூலின் லேபிளைப் பாருங்கள் அம்மா. நம் ஊர்க் கடைகளில் பேபி வுல் என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக், அதில் ஆட்டு ரோமம் மருந்துக்கும் இருக்காது. லேபிள் தொலைந்துவிட்டால் ஒரு விரல் நீளம் நறுக்கி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிடும். அக்ரிலிக்கை நான் இளப்பமாகப் பேசவில்லை, துவைக்க எளிது, எடையும் குறைவு, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. ஓடி விளையாடுகிற குழந்தைக்குக் கோடையில் அதைப் போட்டால் முதுகு நசநசவென்று ஆகிவிடும். அந்த 300 கிராமைக் குளிர்காலத் தொப்பிக்கு எடுத்து வையுங்கள்.

வாங்க வேண்டியது டிகே என்கிற நடுத்தரக் கனமுள்ள பருத்தி நூல் (ஆஸ்திரேலியாவில் இதையே 8 பிளை என்பார்கள்). 50 கிராம் கண்டில் நூறு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். நான்கு வயதுக்கு அரைக்கை என்றால் 200 கிராம் போதும், ஆனாலும் 250 வாங்குங்கள், எல்லாக் கண்டிலும் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிற்பாடு போய்க் கேட்டால் அதே மஞ்சள் என்று கடைக்காரர் சத்தியம் செய்து தருவது வேறு மஞ்சளாக இருக்கும்.

மெர்சரைஸ் செய்த பளபளப்பு நூலா, சாதா நூலா என்றும் கேட்பார்கள். பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்து வலுவாக்கும் முறை அது, 1844-இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது. அந்த நூல் வழவழப்பாக இருக்கும், சாயம் நன்றாகப் பிடிக்கும், பிசிறு குறைவு. ஆனால் கொஞ்சம் விறைப்பு, முடிச்சும் நழுவும். குழந்தைக்கு என்றால் நான் சாதா நூலைத்தான் எடுப்பேன், கன்னத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அளவுக்குக் குழந்தை எதற்கு? அவளுக்கு இப்போது நன்றாகப் பொருந்துகிற ஒரு டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அகலமும், தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை நீளமும் அளந்து சொல்லும்படி மகளிடம் கேளுங்கள். அகலத்தை இரண்டால் பெருக்கினால் ஸ்வெட்டரின் சுற்றளவு. குழந்தைகள் அகலத்தில் மெதுவாகவும் நீளத்தில் வேகமாகவும் வளர்வார்கள், அதனால் அடுத்து சொல்கிறபடி கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னினால் ஒரு வருடம் கழித்து ஓரத்தைப் பிரித்து இன்னும் நான்கு விரற்கடை நீட்டிக்கொள்ளலாம்.

தையலே போடாமல் ஒரே துண்டாகப் பின்ன முடியும் என்கிறார்களே, கணக்கோடு சொல்லுங்கள். எனக்கு நிட், பர்ல் தெரியும், வட்ட ஊசியும் வைத்திருக்கிறேன்.
*வாசகி, ஈரோடு*

முடியும், பருத்திக்கு அதுதான் நல்லதும்கூட. தட்டையாகப் பின்னும்போது ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (மறுபக்கப் பின்னல்) என்று போகும், நம்மில் பலருக்குப் பர்ல் வரிசை சற்றுத் தளர்ந்துவிடும். கம்பளியில் அது மறைந்துபோகும், பருத்தி காட்டிக் கொடுத்துவிடும், பின்னிய துணியில் கோடு கோடாகத் தெரியும். வட்டமாகப் போனால் ரிப் பகுதி (ஓரங்களில் வரும், இழுத்தால் விரிகிற வரிப் பின்னல்) தவிர எல்லாச் சுற்றும் நிட்தான், அந்தத் தொல்லையே இல்லை.

முதலில் மாதிரித் துண்டு. 4 மில்லிமீட்டர் ஊசியில் 15 சென்டிமீட்டர் சதுரம் பின்னுங்கள், துவையுங்கள், காயவையுங்கள், அப்புறம் நடுவில் 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி (ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் சுருக்கு) என்று எண்ணுங்கள். துவைக்காமல் எண்ணினால் அந்தக் கணக்கு உதவாது. என் கணக்கு 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, 28 சுற்று. உங்களுக்கு 22 கண்ணி வந்தால் கீழே சொல்லும் ஸ்வெட்டர் 64-க்குப் பதில் 58 சென்டிமீட்டராகக் குறுகும், அது நான்கு வயதுக் குழந்தையின் மார்பளவேதான், கையைத் தூக்கினால் வயிறு தெரியும். அப்படி வந்தால் ஊசியைத் தடிமனாக்குங்கள், நூலை இறுக்கிப் பிடிக்கிற பழக்கத்தை மாற்றப் பார்க்காதீர்கள், அது நடக்காது.

கழுத்துக்கு 80 கண்ணி. கண்ணி ஏற்றுவது மட்டும் 4 மில்லிமீட்டர் ஊசியில், தளர்வாக. பிறகு 3.25 ஊசிக்கு மாறி, ஒரு நிட் ஒரு பர்ல் என்று ஆறு சுற்று ரிப். நான்கு வயதுக் குழந்தையின் தலை சுமார் 50 சென்டிமீட்டர் சுற்றளவு, ஸ்வெட்டரின் கழுத்தோ சும்மா இருக்கும்போது 40 தான், ஆகவே இழுத்தால் குறைந்தது 52 சென்டிமீட்டராவது வர வேண்டும். அளந்து பாருங்கள், வராவிட்டால் அங்கேயே பிரித்துவிடுங்கள், இருபது நிமிட வேலைதான் போயிருக்கும்.

மறுபடி 4 மில்லிமீட்டர் ஊசி. முதுகுக்கு 28, கைக்கு 12, முன்பக்கத்துக்கு 28, இன்னொரு கைக்கு 12 என்று நான்கு அடையாள வளையங்களால் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணி கூட்டுங்கள், ஆக ஒரு தடவைக்கு எட்டு கூடும். இப்படிப் பதினாறு தடவை கூட்டியதும் முதுகும் முன்பக்கமும் 60, கைகள் 44, மொத்தம் 208. கூட்டாமல் இன்னும் நான்கு சுற்று. ரிப்புக்குக் கீழே 13 சென்டிமீட்டர் அளவில் நிற்பீர்கள்.

இப்போதுதான் பயப்படுகிற இடம், உண்மையில் ஒன்றுமில்லை. கைகளின் 44 கண்ணிகளை வேறு நிற நூலில் கோத்து ஓரமாக விடுங்கள். உடம்பை மட்டும் சேர்த்துப் பின்னும்போது ஒவ்வொரு அக்குளிலும் புதிதாக 4 கண்ணி போடுங்கள். 60, 4, 60, 4, ஆக 128. இனி டிவி பார்த்துக்கொண்டே சுற்றிச் சுற்றிப் போகலாம், 17 சென்டிமீட்டர். கடைசியில் மெல்லிய ஊசியில் 3 சென்டிமீட்டர் ரிப், தளர்வாக முடியுங்கள். டி-ஷர்ட்டில் அளந்த நீளத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவாகவே நிறுத்துங்கள், மிச்சத்தைப் பருத்தி தானே இறங்கிப் பார்த்துக்கொள்ளும்.

கைக்கு: எடுத்து வைத்த 44-உடன் அக்குளில் 4 எடுத்து 48 கண்ணி, 4 சென்டிமீட்டர் நிட், 2 சென்டிமீட்டர் ரிப், முடிந்தது. இவ்வளவு சின்ன வட்டத்துக்கு இரண்டு பக்கமும் கூர் உள்ள ஐந்து ஊசி செட்தான் வசதி. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருப்பதால் குழந்தை எப்படி மாட்டிக்கொண்டாலும் சரியாகவே இருக்கும், இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

கம்பளிக்கான பழைய இங்கிலீஷ் புத்தகக் கணக்கைப் பருத்தியில் போட்டேன். பின்னி முடித்தபோது அளவு சரியாக இருந்தது. துவைத்துக் கொடியில் போட்டேன், இப்போது பையனுக்கு முழங்கால் வரை தொங்குகிறது. பிரித்துப் போடத்தான் வேண்டுமா?
*வாசகி, கோத்தகிரி*

கம்பளி இழை ஸ்பிரிங் மாதிரி சுருள் உள்ளது, இழுத்தால் திரும்பி வரும். பருத்தி இழைக்கு அந்தச் சுருள் இல்லை, இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். அதோடு ஈரப் பருத்தி கனம், அதைக் கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீளும். பின்னியவர் பேரில் குற்றமில்லை, அந்தக் கணக்கு கம்பளிக்கு எழுதியது, ரிப் இடுப்பைக் கவ்விப் பிடிக்கும் என்று நம்பி எழுதியது. பருத்தி ரிப் கவ்வாது, அழகுக்குத்தான்.

முழுக்கப் பிரிக்க வேண்டாம். முதலில் மறுபடி நனைத்து, துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, மேசையில் பரப்பி, கையால் நீளத்தைக் குறுக்கி அகலத்தை விரித்துவிட்டுக் காயவையுங்கள், கொஞ்சம் மேலேறும். போதாவிட்டால், எங்கே முடிய வேண்டுமோ அந்தச் சுற்றின் கண்ணிகளையெல்லாம் மெல்லிய வட்ட ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே ஒரே ஒரு கண்ணியை வெட்டி அந்தச் சுற்று நூலை உருவுங்கள். அடிப்பகுதி தனியாகக் கழன்று வந்துவிடும். ஊசியில் இருக்கிற கண்ணிகளிலிருந்து கீழ்நோக்கிப் புது ரிப் போட்டு முடியுங்கள். வெட்டும்போது நெஞ்சு கொஞ்சம் படபடக்கத்தான் செய்யும். கழன்ற துண்டைப் பிரித்தால் பொம்மைக்கு ஒரு சட்டைக்கு நூல் ஆகும்.

அமெரிக்கப் புத்தகத்தில் 6 நம்பர் ஊசி என்று போட்டிருக்கிறது. என் 6 நம்பர் ஊசியில் பின்னினால் துணி மீன்வலை மாதிரி வருகிறது.
*வாசகி, சேலம்*

உங்களிடம் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண். அதில் எண் ஏறினால் ஊசி மெலியும், 6 என்றால் 5 மில்லிமீட்டர். அமெரிக்க எண்ணில் எண் ஏறினால் ஊசி தடிக்கும், அவர்களின் 6 என்பது 4 மில்லிமீட்டர், அதாவது நம் 8. மேலே நான் சொன்ன 3.25 நம்மிடம் 10 நம்பர். எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

அக்குளில் இரண்டு பக்கமும் ஓட்டை விழுகிறதே?
*வாசகி, கோவை*

எல்லாருக்கும் விழும். 4 கண்ணி எடுக்க வேண்டிய இடத்தில் 6 எடுங்கள், இரண்டு மூலைக்கும் ஒவ்வொன்று கூடுதலாக. அடுத்த சுற்றில் அந்தக் கூடுதல் கண்ணிகளைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்து நிட் செய்துவிட்டால் மூடிவிடும். அப்படியும் தெரிந்தால் நூல் நுனியால் உள்பக்கம் ஒரு தையல்.

கழுத்தில் சாட்டின் ரிப்பன் கோத்துக் கட்டினால் பெண் குழந்தைக்கு அழகாக இருக்காதா?
*வாசகி, திருச்சி*

அழகாக இருக்கும், ஆனாலும் வேண்டாம். சறுக்கு மரத்திலோ கதவுக் கைப்பிடியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். ஐரோப்பாவின் பாதுகாப்புத் தரவிதி ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுத்துக் கட்டும் நாடாவே கூடாது என்கிறது. கழுத்து அகலம் பற்றாமல்தான் ரிப்பன் யோசனை வந்தது என்றால், முதுகுப் பக்கம் முதல் 5 சென்டிமீட்டரை வட்டமாக இணைக்காமல் தட்டையாகப் பின்னி, ஒரு பொத்தானும் நூல் காதும் வைத்துவிடுங்கள். பொத்தானைப் பின்னல் நூலால் தைக்காமல், தையல் நூலை இரட்டையாக்கி, அடியில் சின்னத் துணித் துண்டு கொடுத்து அழுத்தமாகத் தையுங்கள், குழந்தை அதைக் கடித்து இழுக்காமல் இருக்காது.

வாஷிங் மெஷினில் போடலாமா?
*வாசகர், புதுச்சேரி*

போடலாம். பருத்தி நனைந்தால் வலு கூடும், கம்பளி மாதிரி அஞ்ச வேண்டியதில்லை. வலைப்பையில் போட்டு, மென்மையான சுழற்சியில், குளிர்ந்த நீரில். சிவப்பும் வெள்ளையும் கலந்து கோடு போட்டிருந்தால் மட்டும் பின்னுவதற்கு முன்பே சிவப்பு நூலைக் கொஞ்சம் நறுக்கி, வெள்ளைத் துணியோடு ஒரு ராத்திரி ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். காயவைப்பது நிழலில், பரப்பி. ஹேங்கரில் மாட்டாதீர்கள், பீரோவிலும் மடித்தே வையுங்கள்.