மேனேஜருக்கு எத்தனை முதலாளி?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எட்டு மாதமாக மேடவாக்கம் பக்கம் 96 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் மேனேஜராக இருக்கிறேன். செக்ரட்டரி ஒன்று சொன்னால் ட்ரெஷரர் வேறொன்று சொல்கிறார். மெயின்டனன்ஸ் பாக்கி வைத்த வீடுகளுக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்கிறார்கள். போன வாரம் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) மோட்டார் அடைத்துக்கொண்டபோது ஹவுஸ்கீப்பிங் பையனைத் தொட்டிக்குள் இறக்கச் சொன்னார்கள். மறுத்ததற்கு வாட்ஸ்அப் குரூப்பில் திட்டு. லாரித் தண்ணீர்க் கணக்கிலும் என்மேல் சந்தேகம். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: கடைசியில் கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தப் பையன்.

நீங்கள் மறுத்ததுதான் சரி. கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. ‘ஒண்ணும் நாறலையே’ என்று இறங்கியவர்தான் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆளைப் பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தொட்டிக்கு நாம் என்ன பெயர் வைத்தாலும் உள்ளே இருக்கிற வாயு மாறாது. இப்படி ஏதாவது நடந்தால் ‘யார் இறக்கியது?’ என்ற கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும். உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள். மோட்டாரைச் சங்கிலி போட்டு மேலே இழுத்துச் சரிசெய்ய ஏற்பாடு இருக்கிறதா என்று எஸ்டிபி பராமரிப்புக்காரரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செலவுக்கு இன்றே கமிட்டிக்கு எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, பாக்கி. தண்ணீர் வால்வில் கை வைக்காதீர்கள். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. வீட்டு உரிமையாளரோடு சொத்து மேலாளரையும் அதில் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். உரிமையாளரே குடியிருந்து பணம் கட்டாவிட்டால் சங்கம் நோட்டீஸ் அனுப்பி வழக்குப் போடட்டும். அது உங்கள் சண்டை இல்லை.

பாக்கிப் பட்டியலை ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். நான் பார்த்த எல்லாக் குடியிருப்புகளிலும் மூன்று ரகம்தான். வெளிநாட்டில் இருந்துகொண்டு பில்லையே பார்க்காதவர்; ‘வாடகைக்காரர் கட்டுவார்’, ‘ஓனர் கட்டுவார்’ என்று இரண்டு பக்கமும் விட்டுவிட்ட வீடு; குறை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கட்டாதவர். முதல் இரண்டும் ஒரு போனில் தீரும். மூன்றாமவர் வீட்டுக்கு பிளம்பரோடு போங்கள். மேல் வீட்டு பாத்ரூம் கசிவு அவர் கூரையில் ஆறு மாதமாகப் படம் வரைந்துகொண்டிருக்கும்.

லாரித் தண்ணீர்ச் சந்தேகத்துக்கு ஒரு கம்பு போதும். சம்ப்பின், அதாவது லாரித் தண்ணீர் இறங்கும் தரைத் தொட்டியின், நீள அகலத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மீட்டருக்கு நான்கு மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் உயரம் 240 லிட்டர். 12,000 லிட்டர் லாரி இறக்கினால் மட்டம் 50 சென்டிமீட்டர் ஏற வேண்டும். 44 மட்டும் ஏறினால் 1,440 லிட்டர் குறைகிறது. அளக்கும் நேரத்தில் மேல் டேங்குக்கு ஏற்றும் மோட்டாரையும் மெட்ரோ வாட்டர் வால்வையும் மூடிவிட வேண்டும். இதை மறந்துவிட்டு டிரைவரிடம் சண்டை போட்டு அசடு வழிந்தவர்களில் நானும் ஒருவன். இறக்கும் முன் மட்டம், இறக்கிய பின் மட்டம், வண்டி எண், நேரம், செக்யூரிட்டி கையெழுத்து. ரெஜிஸ்டரில் இவ்வளவு இருந்தால் உங்களை யாரும் கேட்க முடியாது. ஸ்டோர்ஸில் இருந்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி உங்கள் உண்மையான தலைவலி. இந்த வேலையில் மாதச் சம்பளம் ஒன்று, முதலாளி 96 பேர். லிஃப்டில் பார்த்தவர் ஒன்று சொல்வார், நடைப்பயிற்சியில் இருப்பவர் இன்னொன்று. நான் புதிதில் கமிட்டி உறுப்பினர் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னார் என்று ஜெனரேட்டருக்கு பேட்டரி மாற்றினேன். கூட்டத்தில் பில்லை வைத்ததும், ‘நான் எப்ப சொன்னேன்?’ என்றார். பணம் என் சம்பளத்தில் போயிற்று.

அதன் பிறகு நான் செய்ததையே உங்களுக்கும் சொல்கிறேன். யார் என்ன சொன்னாலும் ‘சரி சார், செக்ரட்டரியிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன்’ என்று சொல்லுங்கள். அன்று மாலையே செக்ரட்டரிக்கும் ட்ரெஷரருக்கும் ஒரே செய்தியாக அனுப்புங்கள்: ‘இன்னார் இதைக் கேட்டார், இவ்வளவு செலவாகும், செய்யட்டுமா?’ இருவரும் முரண்பட்டால் அவர்களுக்குள் பேசித் தீர்க்கட்டும். நடுவில் நீங்கள் தூது போகாதீர்கள். ஐந்தாயிரமோ பத்தாயிரமோ, எந்தத் தொகை வரை நீங்களே செலவு செய்யலாம் என்று கமிட்டித் தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பதிலே போடாதீர்கள். புகாருக்கு ஒரு நோட்டு வைத்து எண் கொடுத்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால், தண்ணீர் நின்றால், தீப்பிடித்தால் மட்டும் போன். நாய் குரைப்பதெல்லாம் காலையில்.

விடலாமா என்றால், இந்த இரண்டையும், செலவு வரம்பையும் ஆளை இறக்கக் கூடாது என்பதையும், கமிட்டி தீர்மானமாக எழுதித் தருகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். தந்தால் இருங்கள். தராவிட்டால், குறிப்பாக இரண்டாவதைத் தரத் தயங்கினால், கிளம்பிவிடுங்கள். போகும்போது சாவிகள், ரெஜிஸ்டர்கள், கையிருப்புப் பணம், ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தங்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு, செக்ரட்டரி கையெழுத்தோடு ஒரு நகலை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.