95 டிகிரிக்காகக் காத்திருக்காதீர்கள்: ஊட்டி அடுப்பில் போர்க் ரிப்ஸ்

கேள்வி: ஊட்டி ஃபிங்கர்போஸ்ட் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் 30 லிட்டர் ஓடிஜி (சின்ன மின்சார அடுப்பு) இருக்கிறது. மகன் பிறந்தநாளுக்கு பார்பெக்யூ போர்க் ரிப்ஸ், அதாவது பன்றி விலாக்கறி, கேட்டான். ஒரு அமெரிக்கச் செய்முறைப்படி ஃபாயிலில் சுற்றி 150 டிகிரியில் வைத்தேன். கறியின் உள்சூடு 95 டிகிரி வந்ததும் எடுக்கச் சொல்லியிருந்தது. தெர்மாமீட்டர் 92-க்கு மேல் ஏறவே இல்லை. பொறுமை போய் ஃபாயிலைப் பிரித்து 220-க்கு ஏற்றினேன். மேலே கருகிவிட்டது, உள்ளே ரப்பர் மாதிரி, எலும்பை விட்டு வரவில்லை. கறி கொண்டுவந்து தருபவர், உள்ளூர் கறி இப்படித்தான், இம்போர்ட்டட் பாக்கெட் வாங்குங்கள் என்று மூன்று மடங்கு விலை சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா முதலில் குக்கரில் போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் தெர்மாமீட்டரில் கோளாறு இல்லை, கறியிலும் பெரும்பாலும் இல்லை. அந்தச் செய்முறை கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. நீங்கள் இருப்பது கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொடைக்கானலில் 93, குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஏறக்குறைய 94. ஃபாயிலுக்குள் சுற்றிய கறி தன் ஈரத்திலேயே வேகிறது. ஈரம் இருக்கும்வரை கறியின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. அடுப்பை 150-ல் வைத்தாலும் 220-ல் வைத்தாலும் இது மாறாது. 92-ஐத் தாண்டி ஏறுகிறது என்றால் அந்த இடத்தில் கறி காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நீங்கள் காத்திருந்த 95 உங்கள் ஊரில் வரக்கூடாத எண்.

அப்படியானால் ரிப்ஸ் மெத்தென்று ஆவது எப்படி? விலா எலும்பைச் சுற்றிய கறியில் ஜவ்வும் நரம்பும் அதிகம். அதிலிருக்கும் கொலாஜன் 70 டிகிரி வாக்கில் கரையத் தொடங்கி, 85-க்கு மேல் வேகமாகக் கரைந்து வழவழப்பான ஜெலட்டினாக மாறும். இதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். சூடு இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் அந்தக் கணக்கை நேரத்தில்தான் ஈடுகட்ட வேண்டும். நீங்கள் ஃபாயிலைப் பிரித்தபோது ஜவ்வு பாதிதான் கரைந்திருக்கும். எலும்பை விட்டு வராததே அதற்குச் சாட்சி. பிறகு 220-க்கு ஏற்றியதில் மிச்ச ஈரமும் போய்விட்டது. வேகாத கறி காய்ந்தும் போனால் ரப்பராகத்தான் இருக்கும்.

பன்றிக்கறி என்றதும் புழுவைப் பற்றிய பயம் பலருக்கு வரும். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிப்படி முழுத்துண்டுப் பன்றி இறைச்சிக்கு 63 டிகிரி உள்சூடும் மூன்று நிமிட ஓய்வும் போதும். நீங்கள் மணிக்கணக்கில் 90-ஐ ஒட்டி வைக்கிறீர்கள். அந்தக் கவலையே வேண்டாம்.

செய்முறைக்கு வருவோம். ஒன்றரை கிலோ அளவில், வெட்டாமல் விலா எலும்புகள் சேர்ந்தபடி இருக்கும் ஒரு முழுப் பலகை. உட்புறம் எலும்பின்மேல் பளபளவென்று ஒட்டியிருக்கும் ஜவ்வை, கரண்டிக்காம்பை நுழைத்து ஓர் ஓரம் கிளப்பி, ஈரம் ஒற்றும் காகிதத்தால் பிடித்து இழுங்கள். அது எத்தனை மணி நேரம் வைத்தாலும் மெத்தென்று ஆகாது, மசாலாவையும் உள்ளே விடாது. கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் கணக்கில் உப்பு, அதோடு நாட்டுச்சர்க்கரை, காஷ்மீரி மிளகாய்த்தூள், மிளகு, கொஞ்சம் கடுகுப்பொடி சேர்த்து முதல்நாள் இரவே தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் இரண்டு ஸ்பூன் வினிகரும் ஒரு ஸ்பூன் தண்ணீரும் விட்டு, ஃபாயிலை இரண்டு சுற்றாகச் சுற்றி ஓரங்களை இறுக்கி மடியுங்கள். ஆவி வெளியேறும் ஓட்டை இருந்தால் எல்லாம் வீண். அடுப்பு 140 டிகிரி, மேலும் கீழும் ராடு இரண்டும் எரிய வேண்டும், தட்டு நடுவுக்கு ஒரு படி கீழே. மூன்று மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள்.

அதன்பிறகு தெர்மாமீட்டரை ஒதுக்கிவிட்டு ஒரு பல்குச்சியை எடுங்கள். இரண்டு எலும்புக்கு நடுவில் குத்தினால் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்க வேண்டும். எலும்பு நுனியிலிருந்து கறி ஒரு விரல்கடை பின்வாங்கியிருக்க வேண்டும். ஓர் எலும்பைத் திருகினால் அசைந்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப மூடி அரைமணி நேரம், அப்புறம் பாருங்கள். ஊட்டியில் மூன்றரை மணி நேரம் சாதாரணம், நான்கு ஆனாலும் பதற வேண்டாம். எலும்பு தானாகவே கழன்று விழுந்தால் கொஞ்சம் கூடிப்போயிற்று, சாப்பிட நன்றாகத்தான் இருக்கும்.

சாஸைக் கடைசியில்தான் தடவ வேண்டும். அதிலிருக்கும் சர்க்கரை கருகும், உங்களுடையது கருகியதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி பாணி பார்பெக்யூ சாஸ் என்பது தக்காளி, வினிகர், கரும்புப்பாகு மூன்றும் கூடிய இனிப்புப் புளிப்பு. பாட்டில் வாங்க வேண்டியதில்லை. உங்கள் மார்க்கெட்டில் மரத்தக்காளி கிடைக்கிறதே, அதைக் கொதிநீரில் போட்டுத் தோலுரித்து (தோல் கசக்கும்), நாலு பல் மலைப்பூண்டு, வெங்காயம், கருப்பட்டி, வினிகர், மிளகாய்த்தூளோடு வற்றவிட்டு அரைத்து வடிகட்டுங்கள். கெட்டியாகத் தடவும் பதம் வேண்டும். ஃபாயிலில் தேங்கிய சாற்றிலும் கொழுப்பை நீக்கிவிட்டு இரண்டு ஸ்பூன் அதில் சேருங்கள். வெந்த ரிப்ஸில் தடவி 200 டிகிரியில் ஏழெட்டு நிமிடம், இன்னொரு பூச்சு, இன்னும் ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

புகை வாசனை வேண்டுமென்று அடுப்புக்கரியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குளிருக்கு ஜன்னலை மூடிவிட்டு பார்பெக்யூ கரியை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் மூச்சடங்கிப் போன செய்தி கொடைக்கானலில் இருந்து வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

இப்போது உங்களுக்குக் கறி தருபவரைப் பற்றி. என்னைக் கேட்டால் உங்கள் குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. அவர் காட்டும் பாக்கெட்டில் 'பேபி பேக்' என்று இருந்தால் பன்றிக்குட்டியின் விலா என்று விளக்கம் சொல்வார். அது முதுகுத்தண்டை ஒட்டிய மேல்விலா, அவ்வளவுதான். வளர்ந்த பன்றியிலிருந்தே எடுப்பது. வயிற்றுப் பக்கத்து விலாவைவிடச் சிறியது, சீக்கிரம் வேகும். நம்மூர் வெண்பன்றியிலும் அதே எலும்பு அதே இடத்தில் இருக்கிறது. பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பாருங்கள். எந்த நாடு, இறக்குமதி செய்தவர் பெயர், உணவுப் பாதுகாப்பு உரிம எண், பேக் செய்த தேதி, இவை இல்லையென்றால் கையில் தொடாதீர்கள். உள்ளே பனிக்கட்டித் துகள் கட்டி, ஓரத்தில் சிவப்புத் தண்ணீர் உறைந்திருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்த சரக்கு. மலையேறும் வண்டியில் குளிர்பெட்டி ஓடியதா இல்லையா என்று உங்களிடம் யாரும் சொல்லப்போவதில்லை. மூன்று மடங்கு கொடுத்து அதை ஏன் வாங்க வேண்டும்?

உங்களுக்கு வேண்டியது இளம் பன்றி. பண்ணையில் வளரும் வெண்பன்றி ஆறு முதல் எட்டு மாதத்தில் வெட்டுக்கு வரும். அதன் கறி இளஞ்சிவப்பு, கொழுப்பு வெள்ளை, எலும்பு ஒல்லி. பல ஈற்று ஈன்று கழித்துக் கட்டிய தாய்ப்பன்றியின் விலாவும் அதே கொக்கியில்தான் தொங்கும். எலும்பு அகலம், கறி கருஞ்சிவப்பு. இதுவும் வேகும், ஆனால் உங்கள் மூன்றரை மணி நேரம் போதாது. காயடிக்காத ஆண்பன்றி என்றால் வேகவைக்கும்போது மூத்திர வீச்சம் வரும், எந்த மசாலாவாலும் போகாது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுக் கொழுப்பை வாங்கிவந்து சூடான சட்டியில் போட்டு முகர்ந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும். இதையெல்லாம் வாங்குகிறவர் ஏன் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். கறியின் வயது என்ன, எங்கே வெட்டினார்கள், வெட்டுமுன் கால்நடை மருத்துவர் பார்த்தாரா என்று ஒரு முத்திரை இருந்தால் போதும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. மலையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடிக்க அதிகாரிகள் நிற்கிறார்கள், அது நல்ல காரியம்தான். அதில் பாதி அக்கறை பன்றிக்கறிக் கடைக்குக் கிடைத்தால் இந்த இடைத்தரகர்களுக்கு வேலையே இருக்காது.

இன்னொருவர் வருவார். காட்டுப்பன்றி விலா இருக்கிறது, ருசியே தனி என்பார். விடுதி நடத்துபவர்களிடம் இந்தப் பேச்சு சகஜம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தக் கறியை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தபோது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. அது மனிதர்களைத் தொற்றாது. ஆனால் அந்தக் கறியும் கழிவும் ஒரு பண்ணைக்குள் போனால் அங்கிருக்கும் பன்றிகள் மொத்தமும் போய்விடும். தயவுசெய்து வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

கடைக்காரரிடம் நேரில் போய், "அண்ணே, கொத்த வேண்டாம், விலா முழுப் பலகையா வேணும்" என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். குழம்புக்கு வாங்குகிறவர்கள் அதிகம் என்பதால், சொல்லாவிட்டால் கத்தி தானாக இறங்கிவிடும். மெத்தென்று ஆக்கும் பொடி, பப்பாளிக்காய், சோடா எதுவும் வேண்டாம். அவை மேற்பரப்பைக் கூழாக்கும், எலும்பை ஒட்டிய ஜவ்வை ஒன்றும் செய்யாது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன குக்கர் விஷயம். பொதுவாக நான் வேண்டாம் என்பேன். தண்ணீரில் மூழ்க வேகவைத்தால் கறியின் சுவை முழுக்கத் தண்ணீருக்குப் போய், மேலே சாஸ் பூசிய வெந்த கறிதான் மிஞ்சும். ஒரே ஒரு நிலையில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன், அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கரண்ட்டை நம்ப முடியாத நாள் அது. ராடு அடுப்பின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். 230 வரவேண்டிய இடத்தில் 200 வந்தால் முக்கால் பங்கு சக்திதான், 180 வந்தால் 60 சதவீதம்தான். அடுப்பு சூடேறவே இழுக்கும், ஒருமுறை கதவைத் திறந்தால் போன சூடு திரும்பவும் நேரமாகும். மின்வெட்டு வந்தால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட நாளில் குக்கர் உதவும். ஏனென்றால் மலையில் கொதிநிலையைத் தாண்ட வீட்டிலிருக்கும் ஒரே வழி அழுத்தம்தான். ஊட்டியில் குக்கருக்குள் சுமார் 116 டிகிரி கிடைக்கும். ஆனால் செய்யும் விதம் முக்கியம். பலகையை மூன்று நான்கு எலும்புத் துண்டுகளாக வெட்டுங்கள். அடியில் இட்லித்தட்டோ ஸ்டாண்டோ போட்டு அதன்மேல் அடுக்குங்கள், தண்ணீர் கறியைத் தொடக்கூடாது. இரண்டு டம்ளர் தண்ணீர் போதும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம், தாய்ப்பன்றி என்று சந்தேகமானால் 30. விசிலைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அழுத்தம் சட்டென்று குறைந்தால் கறிக்குள் இருக்கும் ஈரம் ஒரேயடியாகக் கொதித்து வெளியேறி, திரும்பவும் நார்நாராகிவிடும். தானாக அடங்கியபின் திறந்து, பல்குச்சி சோதனை செய்து, ஆறவிட்டு, கரண்ட் சீராக இருக்கும் நேரத்தில் சாஸ் பூசி அடுப்பில் 15 நிமிடம். ருசி அடுப்பில் செய்ததற்கு ஒரு படி கீழேதான், ஆனால் பிறந்தநாள் கெடாது.

ஓடிஜி திருகியில் எழுதியிருக்கும் 140-ஐ நம்பாதீர்கள். உள்ளே வைக்கும் அடுப்பு தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, தட்டின்மேல் வைத்துப் பாருங்கள். 20 டிகிரி முன்பின் காட்டினால் திருகியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மகனுக்கு மாலையில் விருந்து என்றால் ஃபாயில் வேலையை முதல்நாளே முடித்துவிடலாம். சுற்றியபடியே ஆறவிட்டு, சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த பலகை உடையாமல் எலும்புக்கு எலும்பு சுத்தமாக வெட்டவும் வரும். மறுநாள் ஃபாயிலோடு 150-ல் அரைமணி நேரம் சூடாக்கி, பிரித்து, சாஸ் பூசி, வந்தவர்கள் உட்கார்ந்தபின் 200-ல் ஏற்றுங்கள்.