நாலு மணிக்குச் சட்டை போடும் அப்பா

கேள்வி: அரசுத் துறை ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றேன். மதுரை வில்லாபுரத்தில் சொந்த வீடு. பிள்ளைகள் இருவரும் பெங்களூரில். பென்ஷன் வருகிறது, குறை ஒன்றும் இல்லை. பொழுதுதான் போகமாட்டேன் என்கிறது. யோகா வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன். கீபோர்டு வாங்கினேன், உறைக்குள் தூங்குகிறது. 42,000 ரூபாய்க்கு கேமரா வாங்கினேன், எங்கே போய் எதை எடுப்பது என்று தெரியவில்லை. கார் இருக்கிறது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். மனைவிக்கு வீட்டு வேலையும் கோயிலும் சரியாக இருக்கிறது. அப்பாவுக்கு 85 வயது. மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தவர். காது கொஞ்சம் மந்தம், சொன்ன கதையையே சொல்வார். மற்றபடி தொந்தரவு இல்லை. அவர் பாட்டுக்கு மாலை நாலு மணிக்கெல்லாம் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அறுபது வயதில் புதிதாகத் தொடங்க ஏற்ற பொழுதுபோக்கு எது? மதுரையைச் சுற்றி ஒரு நாளில் போய்வரக்கூடிய இடங்கள் என்னென்ன?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: ஓய்வு பெற்ற ஆண்களிடமிருந்து இந்தக் கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. யோகா, கீபோர்டு, கேமரா என்று சாமான்கள்கூட அதிகம் மாறுவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் புதிது. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

உங்கள் அப்பா நாலு மணிக்குச் சட்டை போடுகிறார்.

மதுரை வெயிலில், சொந்த வீட்டில், 85 வயதுக்காரர் எதற்குச் சட்டை போடுகிறார்? பனியனும் துண்டும் போதுமே. நம் ஊர்ப் பெரியவர்கள் சட்டை மாட்டுவது இரண்டு காரணத்துக்குத்தான். யாராவது வருகிறார்கள், அல்லது எங்கேயாவது கிளம்புகிறோம். உங்கள் வீட்டுக்கு நாலு மணிக்கு யாரும் வருவதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அவர் கிளம்பித் தயாராக உட்கார்ந்திருக்கிறார். கூட்டிப் போகத்தான் ஆள் இல்லை. இருட்டியதும் உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். மறுநாள் நாலு மணிக்குத் திரும்ப எடுத்துப் போடுகிறார். நீங்கள் ஓய்வு பெற்ற நாளிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை மாலை?

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. என் அப்பா குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழைக்குப் பயப்படுகிறார் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அவர் போன பிறகு எதிர்வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது, அந்தக் குடையோடு அவர் கடைத்தெரு வரை போய்வர ஆசைப்பட்டார் என்று. தெரிந்து என்ன செய்ய?

'அவர் பாட்டுக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். நேரத்துக்குச் சோறு, வேளைக்கு மாத்திரை, மின்விசிறிக்குக் கீழே கட்டில், இவ்வளவும் நீங்கள் செய்வீர்கள் என்று நம்புகிறேன். அதோடு மகன் கடமை முடிந்தது என்று நினைத்தால் அது தப்பு. பெற்றவரோடு உட்கார்ந்து பேசாத மகன் எவ்வளவு செலவு செய்தாலும் பாதிக் கடமைதான் செய்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் ஆபீஸ் போனீர்கள், அப்போது நேரம் இல்லை, சரி. இப்போது உங்களிடம் இருப்பது நேரம் மட்டும்தான். அதைச் செலவழிக்க வழி தெரியவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். அதே வீட்டு வாசலில் ஒருவர் சட்டை போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். பேட்டரி இறங்குமே என்று காரை நினைத்துக் கவலைப்பட்டவருக்கு இது தோன்றவில்லையே ஐயா!

பேட்டரிக்காக ஓடும் அந்தப் பத்து நிமிடத்தை இனிமேல் ரோட்டில் ஓட்டுங்கள். முதல் நாள் எங்கேயும் தூரம் வேண்டாம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போதும். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் கல் கட்டு. படி ஏறி இறங்க வேண்டியதில்லை, வண்டியை விட்டு இறங்கினால் சமதரை. சாயங்காலம் பாதி மதுரை அங்கே காற்று வாங்க வந்துவிடும். வைகைத் தண்ணீர் வந்து நிரம்பியிருந்தால் பார்க்கக் கண் கொள்ளாது. குளம் வறண்டு கிடந்த வருடங்களையும் உங்கள் அப்பா பார்த்திருப்பார். உள்ளே பிள்ளைகள் பந்து விளையாடிய கதை அவரிடம் இருக்கும், கேளுங்கள்.

'போகலாமாப்பா?' என்று கேட்காதீர்கள். 'எதுக்குப்பா அலைச்சல், நீ போயிட்டு வா' என்றுதான் பதில் வரும். அது விருப்பம் இல்லாததால் வரும் பதில் இல்லை. பிள்ளைக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அந்தத் தலைமுறை நாக்கில் வைத்திருக்கும் பதில் அது. 'செருப்பைப் போடுங்கப்பா, தெப்பக்குளம் போறோம்' என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுங்கள். கிளம்பும் முன் பாத்ரூம் போய்வரச் சொல்லுங்கள். வயதானவர்கள் வெளியே வர மறுப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் பயம்தான். வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு மடக்கு ஸ்டூல், கைத்தடி. முதல் வாரம் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

சொன்ன கதையையே சொல்கிறார் என்பது உங்கள் புகார். நீங்கள் அடுத்த கேள்வி கேட்காததால்தான் அவர் அங்கேயே நிற்கிறார் என்பது என் அனுபவம். மில் சங்கு ஊதியதும் ஓடிய கதையைச் சொல்கிறாரா? எத்தனை மணிச் சங்கு, எந்தத் தெரு வழியாக ஓடினார், கூட ஓடியவர் யார், முதல் சம்பளம் எவ்வளவு, அதில் ஆத்தாவுக்கு என்ன வாங்கிக் கொடுத்தார் என்று கேளுங்கள். உங்கள் போனில் குரல் பதிவு இருக்கிறது, அதை அழுத்தி மேசை மேல் வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குரல் வேண்டியிருக்கும்.

காது மந்தம் என்கிறீர்கள். காது டாக்டரிடம் கடைசியாக எப்போது காட்டினீர்கள்? கடிதத்தில் அது இல்லை. அழுக்கு அடைத்திருந்தால்கூட கேட்காது, அது ஒரு நாள் வேலை. மெஷின் தேவை என்றால் வாங்கிக் கொடுங்கள். கேமராவுக்கு 42,000 எடுத்த கைதானே?

இனி நீங்கள் கேட்ட இடங்கள். பட்டியல் தரமாட்டேன். உங்கள் அப்பாவை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கீழடி. வில்லாபுரத்திலிருந்து ரிங் ரோடு பிடித்தால் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய் மதியத்துக்கு வீடு திரும்பிவிடலாம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடுபோலக் கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அங்கே போய்ப் பெயர் கீறிய பானை ஓடுகளையும் தாயக்கட்டைகளையும் பார்த்துவிட்டு வருவார்கள். நீங்கள் உங்கள் அப்பாவைத் தக்களிகள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். சுட்ட மண்ணில் செய்து நடுவில் ஓட்டை போட்ட சின்னச் சின்ன வில்லைகள். அதில் ஒரு குச்சியைச் செருகிச் சுற்றினால் பஞ்சு நூலாகும். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிற ஆயிரம் பேரில் நூல் நூற்பதைப் பிழைப்பாகச் செய்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? உங்கள் அப்பா ஸ்பின்னிங்கில் நின்று, ஓடுகிற மிஷினில் அறுந்த இழையைக் கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டியவர். அந்த வில்லை எவ்வளவு கனம் இருந்தால் நூல் எவ்வளவு மெலிசாக வரும் என்று அவருக்குக் கை சொல்லும். அங்கே எழுதியிருக்கும் பலகையைவிட அவர் அதிகம் சொல்வார். அன்றைக்குக் கேமராவைத் தக்களியைப் பார்த்துத் திருப்பாதீர்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர் முகத்தை எடுங்கள்.

அடுத்து திருமலை நாயக்கர் மகால். உங்களுக்கு அது சுற்றுலா இடம். 1970 வரை மாவட்ட நீதிமன்றம் அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் நடந்தது. அப்போது உங்கள் அப்பா இளவட்டம். மில் வழக்கோ, பங்காளித் தகராறோ, சாட்சிக்கோ வேடிக்கைக்கோ ஒருமுறையாவது அங்கே போயிருப்பார் என்று நினைக்கிறேன். யார் எங்கே நின்றார்கள் என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். கூட்டம் இல்லாத வார நாளாகப் பார்த்துப் போங்கள்.

வைகை ஆற்றின் மேல் இருக்கும் ஏ.வி. பாலம் பக்கம் ஒரு சாயங்காலம் போங்கள். வைகை அணை திறந்தது 1959இல். அதற்கு முந்தைய ஆற்றைப் பார்த்தவர்கள் இன்னும் எத்தனை காலம் நம்மோடு இருக்கப்போகிறார்கள்? மணல் எங்கே இருந்தது, ஊற்றுத் தோண்டியது எங்கே, வெள்ளம் எது வரை வந்தது என்று அவர் கையை நீட்டிக் காட்டுகிற இடத்தை எல்லாம் படம் எடுங்கள். பழைய படம் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதே இடத்தில் நின்று புதியதும் எடுங்கள். ஒரு வருடம் செய்து பாருங்கள். கேமரா வாங்கியதற்கு அர்த்தம் தானாக வரும். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. நீங்கள் செய்தால் எழுதுங்கள்.

நான் உங்கள் முழு நாளையும் கேட்கவில்லை, காலை நேரம் உங்களுடையது. கீழக்குயில்குடி சமணர் மலை ஏறுங்கள், பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக இருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் காலை வெளிச்சம் நன்றாக இருக்கும். அப்பாவும் கூட வந்தால் அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமர நிழலும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. அவர் அங்கே உட்காரட்டும், நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள். பறவை பார்க்கப் பழகுங்கள். அவனியாபுரம், சாமநத்தம் கண்மாய்கள் உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் உங்களுக்குத் தெரியாவிட்டால் எடுத்த படத்தை அப்பாவிடம் காட்டுங்கள், பெயர் அவர் சொல்வார். ஜனவரியில் நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று எண்ணி இணையத்தில் பதியலாம். கீபோர்டை யாராவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி அரை வரிதான் எழுதியிருந்தீர்கள், அதுவும் 'சரியாக இருக்கிறது' என்று. அவரைக் கேட்டு எழுதினீர்களா? உங்களுக்கு மே மாதம் ஓய்வு கிடைத்தது, அவருக்கு எந்த மாதம்? இதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது அவரையே எழுதச் சொல்லுங்கள். இப்போதைக்கு நான் சொல்வது ஒன்றுதான். அப்பாவை வெளியே கூட்டிப் போவது உங்கள் வேலை. டிபன் கட்டுவது, சட்டை தேய்ப்பது, திரும்பி வந்ததும் காபி போடுவது என்று அதில் ஒரு துண்டைக்கூட அவர் தலையில் வைக்காதீர்கள். கூட வருகிறேன் என்று அவராகச் சொன்னால் அழைத்துப் போங்கள்.

நாளைக்கே தொடங்குங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம், 85 வயதில் நாள் தள்ளக் கூடாது. நாலு மணிக்கு அவர் சட்டையை எடுக்கும்போது நீங்களும் ஒன்றை எடுத்து மாட்டுங்கள். காரில் அவரை முன் சீட்டில் உட்காரவையுங்கள். பின்னால் உட்கார்ந்தால் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது.