பிள்ளை தவழும் வீட்டில் எலிப்பொறி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அறுவடை முடிந்து நெல்மூடைகளை வீட்டுக்குள் அடுக்கினதில் இருந்து எலித்தொல்லை தாங்க முடியவில்லை. மருந்து வைப்போம் என்கிறார் கணவர். வீட்டில் தவழ்கிற மகன் இருக்கிறான், முற்றத்தில் நாயும் கோழிகளும் நிற்கின்றன. பொறி ஒன்று வாங்கி வைத்தோம், ஒன்றுமே விழவில்லை. என்ன செய்யலாம்?
வாசகி, வெல்லாவெளி

பதில்: தங்கச்சி, மருந்து வேண்டாம். நான் சொன்னதாகவே கணவரிடம் சொல்லுங்கள். மருந்து தின்ற எலி வைத்த இடத்திலேயே சாகாது, ஓட்டுக்கு அடியிலோ மூடைகளுக்கு நடுவிலோ போய்ச் செத்து வீட்டையே நாற வைக்கும். தள்ளாடிக்கொண்டு முற்றத்துக்கு வருவதை நாய் கவ்வினால் நாயும் போய்விடும். மகனோ கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயது.

சரி, ஏன் விழவில்லை? எலிக்குப் புதுச்சாமான் என்றாலே சந்தேகம், கிட்ட வராது. அதனால் முதல் இரண்டு மூன்று இரவு பொறியில் விசை ஏற்றாமல் இரையை மட்டும் வைத்து விடுங்கள், பயமில்லாமல் வந்து தின்று பழகட்டும். பக்கத்திலேயே நெல் குவிந்து கிடக்கும்போது நெல்லையே இரையாக வைத்தால் திரும்பியும் பாராது. சுட்ட கருவாட்டுத் துண்டோ வாட்டின தேங்காய்ச் சொட்டோ வையுங்கள், சின்னத் துண்டு போதும், ஆனால் நூலால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பொறி அடிக்க முன்னமே உருவிக்கொண்டு போய்விடும்.

அடுத்தது இடம், பெரும்பாலானவர்கள் பிழைவிடுவது இதில்தான். எலி அறை நடுவால் ஓடாது, சுவரோடு உரசிக்கொண்டு தினமும் ஒரே வழியால்தான் போய் வரும். டோர்ச் அடித்துச் சுவரின் அடியைப் பாருங்கள், அதன் உடம்பு உரசி உரசிக் கறுப்பாக எண்ணெய்ப்பிசுக்குப் படிந்திருக்கும், பக்கத்தில் புழுக்கையும் கிடக்கும். பொறியை அங்கே சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கிற முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். ஒன்று போதாது, நாலைந்தாவது வையுங்கள். புழுக்கை அரிசிமணி அளவுதான் என்றால் அது சுண்டெலி. அது தன் பொந்தைவிட்டுச் சில மீற்றர் தூரத்துக்கு மேல் போகாது, பொறிகளை இன்னும் நெருக்கி வைக்க வேண்டும். மூடைகளைப் பலகைமேல், சுவரில் இருந்து ஓர் அடி தள்ளி அடுக்கினால் எலிக்கு ஒளிக்க இடமிராது, உங்களுக்கும் பொறி வைக்க வழி கிடைக்கும்.

பிள்ளையின் விரல்தான் முக்கியம். பலகையில் வில்லுக்கம்பி பூட்டின பொறி பெரிய எலியின் கழுத்தையே முறிக்கும் என்றால் குழந்தை விரலைச் சும்மா விடுமா? எலி பெரும்பாலும் இரவில்தான் திரியும், ஆகவே மகன் தூங்கின பிறகு விசையை ஏற்றி, அவன் எழும்ப முன் தடிநுனியால் தட்டி இறக்கிப் பொறிகளை உயரத்தில் வைத்துவிடுங்கள். இரவிலும் வெறுமனே வைக்காமல், இரண்டு பக்கமும் எலி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட மரப்பெட்டிக்குள் வைத்து மேலே செங்கல் ஏற்றினால் நாயும் மூக்கை விடாது. இரையைக் கட்டி, வைக்கிற இடத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் விசை ஏற்ற வேண்டும். ஏற்றின பொறியைத் தூக்கிக்கொண்டு நடக்கவே கூடாது.

கேள்வி: பொறியில் செத்த எலியைக் கையால் தொடலாமா? கம்பிக்கூட்டில் உயிரோடு அகப்பட்டால் வயலில் கொண்டுபோய் விடலாமா? எலிக்காய்ச்சலை நினைக்கப் பயமாக இருக்கிறது.
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வெறுங்கையால் தொட வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் வருகிறது, கையில் உள்ள சின்னக் கீறல், கண், வாய் வழியாக உடம்புக்குள் போய்விடும். கையுறை இல்லையா, இரண்டு பொலித்தீன் பையைக் கையில் மாட்டுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எலி, பொறி, சுற்றியுள்ள நிலம் எல்லாவற்றையும் நனைத்து ஐந்து நிமிடம் விட்ட பிறகு எடுங்கள். புழுக்கையைக் காய்ந்தபடி தும்புத்தடியால் கூட்டாதீர்கள், தூசி மூக்குக்குள் போகும். நம்முடைய மணல் நிலத்தில் கிணற்று நீர் மேலேயே நிற்கிறது, ஆகவே கிணற்றுக்குத் தூரமாக ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள். வாய்க்காலிலோ ஆற்றிலோ வீசுவது பெரிய பாவம், அந்தத் தண்ணீரில்தான் பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

வயலில் விட்டால் நெல்லை வெட்டும், வீட்டுக்குக் கிட்ட விட்டால் திரும்பி வரும். கூட்டோடு தண்ணீரில் அமிழ்த்துவது சித்திரவதை. சாக்குக்குள் இறக்கித் தலையில் பலமாக ஒரே அடி, அவ்வளவுதான். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் நோவு, கண் சிவப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எலியைத் தொட்டதையும் சொல்லுங்கள். வயலில் இறங்குகிறவர் என்றால், கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

கேள்வி: பசை அட்டை நல்லதா? மூடைகளைச் சுற்றிக் கம்பி கட்டிக் கரண்ட் கொடுக்கலாம் என்கிறார் மச்சான்.
வாசகர், கல்முனை

பதில்: கரண்ட் கொடுக்கவே கூடாது. இருட்டில் தண்ணீர் குடிக்க எழும்புகிறவர் அந்தக் கம்பியில் கால் வைத்தால் முடிந்தது. மச்சானை இன்றைக்கே மறியுங்கள். பசை அட்டையும் எனக்குப் பிடிக்காது: எலி விடியவிடியக் கத்திக்கொண்டு கிடக்கும், சிறுநீரும் கழிக்கும், பல்லியும் கோழிக்குஞ்சும் சேர்ந்து ஒட்டும். ஏற்கெனவே குஞ்சோ பூனைக்குட்டியோ ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், தேங்காய் எண்ணெயைத் தடவி மெல்ல மெல்லக் கழற்றுங்கள்.