வியட்நாமின் ஹோய் ஆன் பக்கம் கூட்டமில்லாத சிற்றூர் எது?

"ஹோய் ஆனில் நான்கு நாள் தங்கப் போகிறோம். மி சன் கோயில்களைத் தவிர பக்கத்தில் கூட்டம் இல்லாத ஊர் ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ட்ரா கியூ போங்கள். ஸ்கூட்டரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மி சன் போகிற நாளிலேயே வழியில் பார்த்துவிடலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்றுதான் உங்களுக்குத் தோன்றும். வயல், கடைத்தெரு, சின்ன ரயில் நிலையம், குன்றின் மேல் ஒரு மாதா கோயில், அவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட சாம் மக்களின் சம்பா அரசுக்குத் தலைநகரான சிம்மபுரம் இருந்த இடம் இது. பழைய கோட்டைச் சுவரில் மிச்சம் இருப்பது மண்மேடுதான். யாராவது காட்டினால்தான் அது கோட்டை என்றே தெரியும்.

அதனால் டா நாங் நகரில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். நான் வரிசை மாற்றிப் போய் ஏமாந்தேன். 1920களில் பிரெஞ்சுக்காரர்கள் ட்ரா கியூவில் தோண்டி எடுத்த சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. லிங்கம் வைத்த ஒரு பீடத்தைச் சுற்றி வில் முறிக்கும் காட்சி செதுக்கியிருக்கிறது. முறிப்பவர் ராமர் என்கிறார்கள் சிலர், கண்ணன் என்கிறார்கள் வேறு சிலர். நான் பார்த்த வரையில் ராமர்தான். வில்லென்றாலே நமக்கு வேறு யார் நினைவுக்கு வருவார்!

எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு கல்வெட்டு. பக்கத்தில் டோங் யென் சாவ் என்ற இடத்தில் கிடைத்தது. சாம் மொழியில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையது, 4ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். விஷயம் இதுதான்: இது அரசரின் நாகம். இதை மதிப்பவருக்குச் சுவர்க்கத்திலிருந்து மணிகள் விழும், இகழ்பவர் ஏழு தலைமுறையோடு ஆயிரம் ஆண்டு நரகத்தில் கிடப்பார். நாகம், சுவர்க்கம், நரகம் மூன்றும் அந்தக் கல்லில் ஏறக்குறைய நாம் சொல்கிற மாதிரியே இருக்கின்றன. "சித்தம்" என்றுதான் வாசகமே தொடங்குகிறது; மனம் என்ற பொருளில் அல்ல, மங்கலச் சொல்லாக.

மாதா கோயிலுக்கும் ஒரு கதை உண்டு. 1885இல் ஊரைக் கிளர்ச்சிக்காரர்கள் முற்றுகையிட்டபோது, தேவாலயக் கூரையில் வெள்ளுடைப் பெண் ஒருத்தி தெரிந்தாளாம். இன்றும் யாத்திரை வருகிறார்கள். குன்றேறினால் வயல்வெளி முழுக்கத் தெரியும்.

அப்புறம் மி சன், அதே சம்பா அரசர்கள் கட்டிய கோயில்கள். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இடிந்த பெரிய கோபுரம் செங்கல் குவியலாகக் கிடக்கும், வழிகாட்டிகள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். திரும்பும் வழியில் மி குவாங் நூடுல்ஸ் கிடைக்கும். சைவமென்றால் "சாய்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.