சஸ்பென்ஸ் பட டைரக்டர் ஹிட்ச்காக்கோட படங்கள் பத்தி கேளுங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்

கே: ஹிட்ச்காக் படம் ஒண்ணுகூட பாத்ததில்லண்ணா, எதுல ஆரம்பிக்கலாம்?

ப: ரியர் விண்டோ, 1954. கால் உடைஞ்சு வீல்சேர்ல கெடக்குற போட்டோகிராபர், எதிர்வீட்டு ஜன்னல்களையே பாத்துட்டு இருக்கார், அதுல ஒருத்தன் பொண்டாட்டியைக் கொன்னுட்டானோன்னு சந்தேகம் வந்துடுது. பெரும்பாலும் அவர் பாக்குறதுதான் நமக்கும் தெரியும், ஆனா அவர் தூங்குறப்போ ஒண்ணே ஒண்ணு நமக்கு மட்டும் காட்டுவாங்க, அதை விட்டுடாதீங்க. கதைச்சுருக்கம் படிச்சுட்டுப் பாக்காதீங்க, ப்ளீஸ்.

கே: சைக்கோ ஷவர் சீன் மியூசிக் யாரு சார்?

ப: பெர்னார்ட் ஹெர்மன். படம் முழுக்க வயலின், செல்லோ மாதிரி தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். அந்த சீனுக்கு மியூசிக்கே வேணாம்னுதான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தார், ஹெர்மன் போட்டுக் காட்டினதும் மனசு மாறிட்டார்.

கே: முதல்ல எந்தப் படம் பாக்கலாம்?

ப: மேல முதல் பதில்.

கே: நமக்கு முன்னாடியே தெரிஞ்சாதான் சஸ்பென்ஸ்னு எப்பவும் சொல்றீங்க, அப்புறம் கதைச்சுருக்கம் படிக்காதேன்னா எப்படி? முரணா இருக்கே. வெர்டிகோல ரகசியத்தை பாதியிலயே உடைச்சதால எனக்கு சப்புனு ஆயிடுச்சு.

ப: முரணே இல்லங்க. மேஜைக்கு அடியில பாம் இருக்கு, பேசிட்டு இருக்கறவங்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும், ஹிட்ச்காக் சொன்ன உதாரணம்தான் இது. ஆனா எந்த நிமிஷத்துல நமக்குத் தெரியணும்னு முடிவு பண்றது அவர், விக்கிபீடியா இல்ல. வெர்டிகோ ஒரு பிரெஞ்சு நாவல்ல இருந்து எடுத்தது, நாவல்ல ரகசியம் கடைசியிலதான் வரும், இவர் வேணும்னே முன்னாடி கொண்டுவந்தார். அதுவரைக்கும் 'யாரு இந்தப் பொண்ணு'ன்னு யோசிச்சவங்க, அதுக்கப்புறம் 'ஹீரோவுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவான்'னு பதற ஆரம்பிக்கிறோம், அந்தப் பொண்ணோட பயமும் அப்பதான் நமக்குப் புரியுது.

கே: இருந்தாலும் கடைசியில ட்விஸ்ட் வந்திருந்தா நல்லாருந்திருக்கும்.

ப: ட்விஸ்ட் ஒரு நிமிஷம் தூக்கிப்போடும், அவ்ளோதான். நொட்டோரியஸ் பாருங்க, 1946. பார்ட்டி நடக்குது, ஒயின் பாதாள அறைச் சாவியை கதாநாயகி இன்கிரிட் பெர்க்மேன் தன் புருஷன்கிட்ட இருந்து திருடி வச்சிருக்கா, கேமரா மேல மாடியில இருந்து அப்படியே கீழ இறங்கி அவ உள்ளங்கைல இருக்கற சாவியில வந்து நிக்கும். மேல ஷாம்பெயின் பாட்டில் ஒவ்வொண்ணா தீருது. தீந்துச்சுன்னா புருஷன் இன்னும் எடுக்க கீழ வருவான். இதுல மறைச்சு வச்சது எதுவுமே இல்ல, எல்லாமே நமக்குத் தெரியும், அதனாலதான் பாட்டில் காலியாகறதைப் பாக்குறப்போ கை நடுங்குது!

கே: பேர்ட்ஸ்ல மியூசிக் யாரு?

ப: பின்னணி இசையே கிடையாது. பறவைச் சத்தத்துல நிறைய எலக்ட்ரானிக் கருவில உருவாக்கினது.

கே: ஹிட்ச்காக் படம் புதுசா பாக்கறவங்க எதுல ஆரம்பிக்கணும்?

ப: ரியர் விண்டோ. மூணாவது தடவை சொல்றேன், மேல படிச்சுட்டு கேளுங்க. கதைச்சுருக்கம் வேணாம்.

கே: லைஃப்போட் முழுக்க நடுக்கடல்ல ஒரு படகுலதானே, தன் படங்கள்ல ஒரு நொடி தலைகாட்டுற ஹிட்ச்காக் அதுல எங்க வருவார்?

ப: படகுல ஒருத்தர் கையில இருக்கற பேப்பர்ல, உடம்பு இளைக்கற மருந்து விளம்பரத்துல.