வியன்னாவின் சிவப்பு எழுத்துகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போருக்குப் பிந்தைய வியன்னாவைப் பற்றி எதை எடுத்தாலும் இழந்த சாம்ராஜ்யத்துக்கான ஒப்பாரியாகவே இருக்கிறது. இரு போர்களுக்கு நடுவே அந்த நகரம் துக்கம் காத்தது மட்டும்தானா? வளரவே இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

ஒப்பாரி பொய்யில்லை. ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தில் சுமார் 5 கோடிப் பேரை ஆண்ட தலைநகருக்கு, 1918க்குப் பிறகு 65 லட்சம் பேர் கொண்ட ஆஸ்திரியா என்ற குட்டி நாடுதான் மிஞ்சியது. நகரத்தின் மக்கள்தொகையும் 20 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. ஆனால் நீங்கள் படித்ததெல்லாம் வசதியாக வாழ்ந்தவர்கள் எழுதியது. தொழிலாளர் குடியிருப்புகளில் நடைவழியில் பொதுக்குழாய், கழிப்பறையும் அங்கேதான். படுக்கையை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தவர்களும் உண்டு. ஒண்டுக்குடித்தனம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் எந்தப் பொற்காலத்துக்காக அழுவார்கள்?

1919இல் சமூக ஜனநாயகக் கட்சி மாநகராட்சியைப் பிடித்தது. 1922இல் வியன்னா தனி மாநிலமானதும் வரி போடும் அதிகாரம் கைக்கு வந்தது. நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர் கார், ஷாம்பேன், வீட்டு வேலைக்காரர்கள் என்று எதையும் விடவில்லை. 1923இல், வீடு கட்டுவதற்கென்றே ஒரு வீட்டு வரி. பெரிய வீட்டுக்கு விகிதமும் பெரிது. பணக்காரர்கள் ‘வரி போல்ஷெவிசம்’ என்று திட்டினார்கள். என்னைக் கவர்ந்தது வேறொரு கணக்கு. போர்க்காலத்தில் கட்டுப்படுத்திய வாடகையைப் பணவீக்கம் செல்லாக்காசாக்கியது. லாபமில்லாததால் தனியார் வீடு கட்டுவதை நிறுத்தினார்கள், மனை விலை சரிந்தது, மாநகராட்சி வாங்கிக் குவித்தது.

1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு வளாகம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள். வீடு சின்னதுதான், குளியலறைகூடக் கிடையாது. ஆனால் குழாயும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. பொதுக் குளியலறை, சலவைக்கூடம், நூலகம் எல்லாம் வளாகத்துக்குள். (துவைப்பது பெண்கள் வேலை என்பது மட்டும் மாறவில்லை.) மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டிடம், மிச்சம் முற்றமும் மரங்களும். இப்படிக் கட்டியவற்றின் சுவர்களில், வீட்டு வரிப் பணத்தில் இன்ன ஆண்டு மாநகராட்சி கட்டியது என்று சிவப்பு எழுத்தில் பொறித்தார்கள். யார் பணம் என்பதை ஊரே படிக்கட்டும் என்ற வீம்பு அது. அன்றைய நகரத்தின் மனநிலை என்று நான் காட்டுவது அதைத்தான்.

எதிரிகளுக்கு அவை கோட்டைகளாகத் தெரிந்தன. 1934 பிப்ரவரி 12இல் ஆஸ்திரியாவின் வலதுசாரி அரசுக்கும் சமூக ஜனநாயகக் கட்சியினருக்கும் சண்டை மூண்டபோது அரசு ராணுவம் அந்த வீடுகள்மீது பீரங்கியால் சுட்டது. மேயர் கார்ல் சைட்ஸ் கைதானார், கட்சி தடை செய்யப்பட்டது. கார்ல் மார்க்ஸ் ஹோஃபில் இன்றும் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். வாடகை மாநகராட்சிக்குத்தான் போகிறது.